குழந்தை நல்லாத்தானே இருக்கு, எதுக்கு டெஸ்ட்?

பிறந்த குழந்தைகளுக்குச் செய்யும் பரிசோதனைகள் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் குழந்தை நல மருத்துவரின் பதில்களும்

டாக்டர், எனக்குச் சுகப்பிரசவம். மூணாவது நாள் நர்ஸ் வந்து பாப்பாவோட குதிகாலில் ஊசியால் குத்தி, ஒரு அட்டையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். பாப்பா கதறிவிட்டாள். 3 கிலோ எடை, நன்றாகப் பால் குடிக்கிறாள், ஒரு குறையும் இல்லை. "நல்லா இருக்கிற குழந்தையை எதுக்குக் குத்தணும், காசு பிடுங்கவா?" என்று மாமியார் கோபப்படுகிறார். இது அவசியமா?
– வாசகி, ஈரோடு

அவசியம்தான் அம்மா. உங்கள் மருத்துவமனை கேட்காமலே செய்ததற்குச் சந்தோஷப்படுங்கள். நம் நாட்டில் பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் இது கிடைப்பதில்லை. கோவா 2008-ல் ஆரம்பித்தது, கேரளத்தில் அரசு மருத்துவமனைகளிலேயே 4 நோய்களுக்குப் பார்க்கிறார்கள், ஆனால் இந்தியா முழுமைக்கும் கட்டாயம் என்று இன்னும் வரவில்லை. இதில் எனக்கு நிறைய வருத்தம் உண்டு.

மாமியார் கேட்டது நியாயமான கேள்வி, அதனால் அவரிடமே இதைப் படித்துக் காட்டுங்கள். பார்த்தாலே தெரிகிற நோய்க்கு இந்த டெஸ்ட் தேவையே இல்லை. பார்க்க நன்றாக இருக்கிற குழந்தைக்குள் ஒளிந்திருக்கும் சில நோய்களைப் பிடிக்கத்தான் இது. அவற்றில் நம் ஊருக்கு முதலில் வரவேண்டியது பிறவித் தைராய்டு குறைபாடு. சில குழந்தைகளுக்குத் தைராய்டு சுரப்பி உருவாவதே இல்லை, சிலருக்கு அது கழுத்துக்கு இறங்காமல் நாக்கின் அடியிலேயே சின்னதாக நின்றுவிடும், சிலருக்குச் சுரப்பி இருந்தும் ஹார்மோன் வராது. வயிற்றில் இருக்கும்வரை அம்மாவின் ஹார்மோன் கொஞ்சம் நஞ்சுக்கொடி வழியாகப் போய்க்கொண்டிருப்பதால் குழந்தை நல்ல எடையோடு, அழகாகப் பிறக்கும். தொப்புள்கொடியை வெட்டியதும் அந்த உதவி நின்றுவிடும். மூளை வேகமாக வளர்கிற மாதங்கள் அதற்கப்புறம்தான் வருகின்றன.

இந்தக் குழந்தைகள் அதிகம் அழாது. தூங்கிக்கொண்டே இருக்கும், பால் கொடுக்கக்கூட எழுப்ப வேண்டியிருக்கும். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் "எவ்வளவு சமத்து, அம்மாவைப் படுத்தவே இல்லை" என்று கொஞ்சிவிட்டுப் போவார்கள். மஞ்சள் காமாலை இரண்டு வாரம் தாண்டியும் இறங்காது, இளவெயிலில் காட்டச் சொல்வார்கள். மலச்சிக்கல் இருக்கும், அதற்கும் வீட்டில் ஒரு கைவைத்தியம் கிடைக்கும். நாக்கு தடித்து, தொப்புள் துருத்தி, குரல் கரகரத்து, ஏதோ சரியில்லை என்று எல்லோருக்கும் தெரிகிறபோது இரண்டு மூன்று மாதம் ஓடியிருக்கும். அப்போது மாத்திரை தொடங்கினால் உடம்பு தேறும், மூளை இழந்ததை முழுசாகத் திரும்ப வாங்க முடியாது. அதே மாத்திரையை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் இந்தக் குழந்தை மற்றப் பிள்ளைகளைப் போலவே பள்ளிக்கூடம் போகும், படிக்கும், வேலைக்குப் போகும். மாத்திரையும் விலை குறைந்த சாதாரணத் தைராக்ஸின்தான், பெரியவர்கள் காலையில் வெறும் வயிற்றில் போடுவார்களே, அதேதான்.

எத்தனை பேருக்கு வரும் என்று கேட்பீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 5 நகரங்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தபோது 1,130 பேரில் ஒருவருக்கு இருந்தது. சென்னையில் மட்டும் 727-ல் ஒருவருக்கு. பெரிய பிரசவ ஆஸ்பத்திரி என்றால் வருடத்துக்குப் பல குழந்தைகள் என்று அர்த்தம்.

குத்துகிற வலி இருக்கத்தான் செய்யும். அடுத்த குழந்தைக்குச் செய்யும்போது மார்பில் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே எடுக்கச் சொல்லுங்கள், அழுகை நிஜமாகவே குறையும்.

நார்மல் டெலிவரி என்று 24 மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போதே குதிகால் ரத்தமும் எடுத்தார்கள். அது போதுமா?
– வாசகி, விழுப்புரம்

48 முதல் 72 மணி நேரத்துக்குள் எடுப்பதுதான் சரியான நேரம். தைராய்டைத் தூண்டுகிற, தைராய்டு குறைந்தால் கூடுகிற டி.எஸ்.ஹெச். என்கிற ஹார்மோன் குழந்தை பிறந்தவுடன் இயற்கையாகவே எகிறி, இரண்டு மூன்று நாளில் இறங்கும், அதனால் முதல் நாளில் எடுத்தால் நோய் இல்லாத குழந்தைக்கும் இருப்பதுபோலக் காட்டும். உணவை உடம்பு சரியாக உடைக்க முடியாத சில வளர்சிதை மாற்ற நோய்களுக்கோ நேர்மாறு, குழந்தை இரண்டு நாளாவது பால் குடித்த பிறகுதான் ரத்தத்தில் தெரியும். ஆகவே இன்னொரு முறை எடுத்துவிடுங்கள். ஆனால் இரண்டாம் நாள் மூன்றாம் நாள் திரும்ப வர வழியே இல்லாத குடும்பம் என்றால், ஒன்றும் எடுக்காமல் விடுவதைவிடக் கிளம்பும்போதே எடுத்துவிடுவது மேல். குறைமாதக் குழந்தைக்கும், ரத்தம் ஏற்றிய குழந்தைக்கும் தனி அட்டவணை உண்டு, ரத்தம் ஏற்றுவதாக இருந்தால் அதற்கு முன்பே ஓர் அட்டை எடுத்து வைத்துவிட வேண்டும்.

மகன் பிறந்து 8 நாள். ஆஸ்பத்திரியில் இருந்து போன் செய்து, "தைராய்டு டெஸ்ட் கூடுதலாக வந்திருக்கிறது, திரும்ப ரத்தம் எடுக்க வேண்டும், உடனே வாருங்கள்" என்கிறார்கள். வீட்டில், "16 நாள் தீட்டு கழியட்டும், பச்சைக் குழந்தையை அதற்குள் வெளியே தூக்கிப் போகக்கூடாது" என்கிறார்கள். மனைவி அழுதுகொண்டே இருக்கிறாள். ஒரு வாரம் பொறுத்துப் போனால் ஆகாதா?
– வாசகர், தூத்துக்குடி

ஆகாது தம்பி. கேள்வி கைக்கு வந்த அன்றே உங்களுக்குப் பதில் அனுப்பிவிட்டேன், இங்கே எழுதுவது மற்றவர்களுக்காக.

முதலில் உங்கள் மனைவிக்குச் சொல்ல வேண்டியது: அட்டையில் கூடுதலாக வந்தால் நோய் உறுதி என்று அர்த்தமில்லை. ஒரு குழந்தையையும் தவறவிடக்கூடாது என்பதற்காகவே அளவைக் கொஞ்சம் இறக்கி வைத்திருப்பார்கள், அதனால் திரும்பக் கூப்பிடப்படுகிற குழந்தைகளில் பலருக்கு இரண்டாவது டெஸ்ட் சரியாகவே வரும். இரண்டாவது முறை நரம்பில் ரத்தம் எடுத்து டி.எஸ்.ஹெச்., தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4 இரண்டும் பார்ப்பார்கள். அதில் உறுதியானால் அன்றைக்கே மருந்து ஆரம்பிக்க வேண்டும், ஸ்கேன் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டில் சொல்லும் 16-ம் நாள் வருவதற்குள், மருந்து தொடங்கியிருக்க வேண்டிய 14-ம் நாள் தாண்டிவிடும் பாருங்கள். அந்த ஒரு வாரம் குழந்தையின் மூளைக்குச் சேர வேண்டியது. பெரியவர்களை நான் குறை சொல்லவில்லை, பச்சைக் குழந்தைக்குத் தொற்று வரக்கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. துணியில் நன்றாகச் சுற்றி, கூட்டமில்லாத நேரத்தில் கூட்டிப்போய், ரத்தம் கொடுத்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

மருந்து கொடுக்கச் சொன்னால் கொடுக்கும் முறையையும் தெரிந்துகொள்ளுங்கள், தப்பு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. மாத்திரையை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து நசுக்கி, சில சொட்டுத் தாய்ப்பாலிலோ ஆறிய தண்ணீரிலோ குழைத்து, சங்கில் எடுத்து வாயில் விடுங்கள், சங்கை இன்னும் கொஞ்சம் பாலால் அலசி அதையும் கொடுத்துவிடுங்கள். புட்டிப் பால் முழுக்கக் கலந்தால், குழந்தை பாதியில் தூங்கிவிட்டால், பாதி மருந்து புட்டியோடு போய்விடும். இரும்புச்சத்து, கால்சியம் சொட்டு மருந்துகளை இதோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், பல மணி நேர இடைவெளி வேண்டும். தினமும் ஒரே நேரம். மாத்திரை தீர்ந்துபோய் நாலு நாள் விட்டேன் என்ற பேச்சு வரக்கூடாது.

இன்னொன்று. போனில் "17 ஓ.ஹெச்.பி. கூடுதல்" என்று சொல்லியிருந்தால் அவசரம் இதைவிடப் பெரிது. அது அட்ரீனல் சுரப்பியின் பிறவிக் கோளாறாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் உடம்பில் உப்புச்சத்து இறங்கி, வாந்தியும் சோர்வுமாய்க் குழந்தை திடீரென்று சரிந்துவிடும். பெண் குழந்தைக்குப் பிறப்புறுப்பின் அமைப்பில் வித்தியாசம் இருக்கும், டாக்டர் சந்தேகப்படுவார். ஆண் குழந்தைக்கு வெளியே பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது, வயிற்றுப்போக்கு வாந்தி என்றே நினைத்து வைத்தியம் பார்ப்பார்கள். நான் சொன்ன அந்த ஆய்வில் சென்னையில் ஏறக்குறைய 2,000 குழந்தைகளில் ஒருவருக்கு இது இருந்தது, 5 நகரங்களின் சராசரியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. இதற்கு போன் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள்.

நான் என் தாய்மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டேன். முதல் ஆண் குழந்தை நன்றாகப் பிறந்தான். நாலாம் நாளில் இருந்து பால் குடிக்கவில்லை, துவண்டுபோனான், 9-ம் நாள் இறந்துவிட்டான். கிருமித் தொற்று என்று சொன்னார்கள். இப்போது மறுபடி இரண்டு மாதக் கர்ப்பம். ராசியில்லாதவள் என்று என் காதில் விழும்படியே பேசுகிறார்கள். இந்தக் குழந்தைக்கும் அப்படி ஆகுமா டாக்டர்?
– வாசகி, மதுரை மாவட்டம்

அம்மா, உங்கள் ராசியில் ஒன்றும் இல்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டில் பேசுபவர்களுக்கும் சொல்லுங்கள்.

உங்கள் குழந்தைக்கு என்ன நடந்தது என்று இங்கிருந்து என்னால் தீர்மானிக்க முடியாது, தொற்றாகவே இருந்திருக்கலாம். ஆனால் நல்லபடியாகப் பிறந்து, மூன்று நான்கு நாள் பால் குடித்து, அப்புறம் துவண்டு போகிற குழந்தை, அதுவும் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்த பெற்றோருக்கு என்றால், வளர்சிதை மாற்ற நோய் ஒன்றை நினைக்காமல் இருக்கக்கூடாது. பாலில் இருக்கிற புரதத்தை உடைக்க வேண்டிய ஒரு நொதி உடம்பில் இருக்காது. வயிற்றில் இருக்கும்வரை அம்மாவின் உடம்பு அந்த வேலையைச் செய்துவிடும். வெளியே வந்து பால் குடிக்கக் குடிக்க ரத்தத்தில் அம்மோனியாவோ வேறு அமிலங்களோ சேர்ந்து மூளையைப் பாதிக்கும். பார்ப்பதற்குக் கிருமித் தொற்று மாதிரியே இருக்கும், அனுபவமுள்ள டாக்டர்களே தடுமாறுவார்கள். இதில் ஒரு நோய்க்கு மட்டும் சிறுநீரிலும் காதுக் குறும்பியிலும் காய்ச்சிய சர்க்கரைப் பாகின் வாசம் வரும்.

இப்படிப்பட்ட நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு அம்மாவிடம் ஒரு பழுதான மரபணு, அப்பாவிடம் அதே பழுதான மரபணு, இரண்டும் குழந்தையிடம் சேர வேண்டும். அவற்றில் அம்மா மட்டும் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது, பாதி அப்பாவிடமிருந்துதான் வந்திருக்கும். நம் எல்லோரிடமும் இப்படிப் பழுதான மரபணுக்கள் சில உண்டு, அதற்கு ஜோடி கிடைக்காததால் தெரியாமல் வாழ்கிறோம். தாய்மாமனும் அக்கா மகளும் மரபணுவில் நாலில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்கிறவர்கள், அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. அதனால் ஜோடி சேரும் வாய்ப்பு கூடுகிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28 சதவீதம் பெண்கள் சொந்தத்தில்தான் மணம் முடித்திருக்கிறார்கள். இத்தனை குடும்பங்கள் இருக்கிற மாநிலத்தில் இந்தப் பரிசோதனைகளை ஒவ்வொரு பிரசவ அறையிலும் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அப்படி ஒரு நோய்தான் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் வருவதற்கு நாலில் ஒரு வாய்ப்பு, வராமல் இருக்க நாலில் மூன்று. முதல் குழந்தைக்கு வந்ததால் இரண்டாவதற்கு வராது என்றோ, வந்தே தீரும் என்றோ சொல்ல முடியாது. செய்ய வேண்டியதை இந்த மாதமே ஆரம்பியுங்கள். முதல் குழந்தையின் எல்லாக் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு, கணவரோடு, மரபியல் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். அந்தக் குழந்தையின் ரத்தமோ அட்டையோ எங்காவது சேமிப்பில் இருந்தால் அது பெரிய உதவி, இல்லாவிட்டால் உங்கள் இருவரின் ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாம். பழுது எது என்று தெரிந்துவிட்டால் 11-வது வாரத்தில் இருந்தே வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இருக்கிறதா என்று பார்க்க வழியுண்டு. அதனால்தான் அடுத்த மாதம் பார்ப்போம் என்று தள்ளவேண்டாம் என்கிறேன்.

ஒன்றும் கண்டுபிடிக்க முடியாமல் போனாலும் கைவிட வேண்டியதில்லை. பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிற ஆஸ்பத்திரியில் பிரசவம் வைத்துக்கொள்ளுங்கள், முதல் குழந்தைக்கு நடந்ததைக் குழந்தை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி கேஸ் ஷீட்டில் எழுத வையுங்கள். இந்தக் குழந்தைக்கு 72 மணி நேரம் காத்திருக்காமல் முன்னதாகவே ரத்தம் எடுத்து, அம்மோனியாவும் பார்த்து, சந்தேகம் வந்தால் புரதத்தை நிறுத்திக் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். முன்பே தெரிந்து காத்திருப்பதால் பிழைத்து வளர்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பிரசவத்துக்குப் பிறகு எனக்கு எழுதுங்கள் அம்மா.

பேரனுக்கு ஜி6பிடி குறைபாடு என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. என்ன சாப்பாடு கொடுக்கக்கூடாது? அவரைக்காயே ஆகாது என்கிறார்கள்.
– வாசகி, நாகர்கோவில்

பாட்டி, ஜி6பிடி என்பது ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கிற ஒரு நொதி, அது குறைவாக இருப்பதுதான் இந்தக் குறைபாடு. ஆகாது என்று சொல்வது ஃபாவா பீன்ஸ், வடநாட்டில் பாக்லா என்பார்கள். நம் ஊர் அவரைக்காய் வேறு செடி.

நீங்கள் சாப்பாட்டைவிட பீரோவைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். பிள்ளைக்கு விரிக்கவும் தொட்டில் கட்டவும் பழைய பருத்திப் புடவையை எடுப்போம் இல்லையா, அதில் அந்துருண்டை போட்டு வைத்திருந்தால் அந்த வாடையே இந்தக் குழந்தையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கப் போதும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும், முதல் வாரத்தில் காமாலை மூளையைத் தொடும் அளவுக்கு ஏறிவிடலாம். வீட்டில் இருந்தே அந்துருண்டையை அகற்றிவிடுங்கள். துவைத்தால் போய்விடும் என்று அந்தத் துணியைப் பயன்படுத்த வேண்டாம், புதிதாக நாலு முழம் பருத்தித் துணி வாங்கிக்கொள்ளுங்கள். மருதாணியும் குழந்தைக்கு வைக்காதீர்கள்.

அப்புறம் மருந்துகள். மலேரியாவுக்குத் தரும் ப்ரைமாகுயின், சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் நைட்ரோஃபுரான்டாயின், டாப்சோன், இவை ஆகாது, பால் கொடுக்கிற வரை மருமகளும் இவற்றைத் தவிர்க்க வேண்டும். எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக இதைச் சொல்லிவிடுங்கள். மற்றபடி பையன் சாதாரணமாக வளர்வான், தினசரி மாத்திரை எதுவும் கிடையாது.

பையனுக்குக் காது டெஸ்டில் "ரெஃபர்" என்று வந்தது. ஆனால் தட்டைத் தட்டினால் திடுக்கிடுகிறான். "இவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று மாமனார் சொல்கிறார். மூன்று வயது வரை பார்க்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

வேண்டாம். தட்டின் அதிர்வும் காற்றும்கூடக் குழந்தையைத் திடுக்கிட வைக்கும், ஒரு குறிப்பிட்ட சுருதி மட்டும் கேட்கிற குழந்தையும் திடுக்கிடும். வீட்டுச் சோதனையில் பேச்சு கேட்கிறதா என்று தெரியாது. முதல் இரண்டு நாளில் காதுக்குள் பிரசவ நீரும், பிறக்கும்போது உடம்பில் ஒட்டியிருக்கும் மாவு போன்ற படலமும் அடைத்திருந்தாலும் "ரெஃபர்" வரும், அதனால் பயம் வேண்டாம். ஆனால் மறு டெஸ்ட் கட்டாயம், அதிலும் தேறவில்லை என்றால், சத்தம் மூளை வரை போகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட். முதல் மாதத்துக்குள் சோதனை, மூன்றாம் மாதத்துக்குள் கேட்கிறதா இல்லையா என்று உறுதி, ஆறாம் மாதத்துக்குள் காது மிஷின், இதுதான் உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட கணக்கு. மிஷினால் பயனில்லாத குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் இருக்கிறது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் செய்கிறார்கள். ஆனால் 6 வயது என்பது திட்டத்தின் வரம்பு மட்டுமே, மூளையில் மொழி பதிகிற காலம் முதல் மூன்று வருஷத்திலேயே பெரும்பாலும் போய்விடும். மாவட்ட அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்று சொல்லும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் எங்கே என்று கேளுங்கள், வழி காட்டுவார்கள்.

பிறந்த மறுநாள் கையிலும் காலிலும் ஒரு கிளிப் மாட்டி ஏதோ பார்த்தார்கள். அது என்ன?
– வாசகர், கரூர்

ஆக்சிஜன் அளவு. வலது கையிலும் ஒரு காலிலும் பார்ப்பார்கள். 95 சதவீதமோ அதற்கு மேலோ இருந்து, இரண்டுக்கும் வித்தியாசம் 3-க்கு மேல் போகாமல் இருந்தால் சரி. வயிற்றில் இருக்கும்போது திறந்திருக்கும் ஒரு ரத்தக் குழாய் பிறந்து சில நாளில் மூடும், அந்தக் குழாயை நம்பியே ஓடுகிற இதயம் சில குழந்தைகளுக்கு இருக்கும். மூடுகிற நேரத்தில் குழந்தை வீட்டில் இருக்கும், நீலம் பாய்ந்து தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். ஊசியில்லாத, ஐந்து நிமிட சோதனை. உங்கள் ஆஸ்பத்திரியில் செய்யாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

தனியார் லேப் ஒன்று 50-க்கும் மேற்பட்ட நோய்களுக்கு ஒரே பேக்கேஜ் என்று சில ஆயிரம் ரூபாய் சொல்கிறது. வேண்டுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

வசதி இருந்தால் தவறில்லை. ஒரே ரத்தப் பொட்டில் பல அமிலங்களை அளக்கும் கருவி உண்மையானதுதான். சொந்தத்தில் கல்யாணம், ஏற்கெனவே காரணம் தெரியாமல் குழந்தை இழந்தவர்கள் என்றால் நானே செய்யச் சொல்வேன். ஆனால் நோய்களின் எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். இந்த அட்டை முறையை உருவாக்கியவர் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கத்ரி. அவர் மகனுக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு, உறவில் ஒரு பெண் குழந்தைக்கு ஃபினைல்கீட்டோனூரியா என்ற நோய். அந்த ஒரே நோய்க்காகத்தான் 1960-களின் தொடக்கத்தில் குதிகால் ரத்தத்தைத் தாளில் வைத்துப் பார்த்தார், 1963-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் அதைச் சட்டமாக்கியது. அங்கே அது முதல் நோய். நமக்கு அது அரிது, தைராய்டு, அட்ரீனல், ஜி6பிடி மூன்றும்தான் அதிகம். பணம் கம்மி என்றால் இந்த மூன்றையும் காதையும் ஆக்சிஜனையும் பார்த்துவிடுங்கள். லேப்காரரிடம் கேட்க வேண்டியது, ரிப்போர்ட் எத்தனை நாளில் வரும் என்பதுதான். 20 நாள் கழித்து வருகிற ரிப்போர்ட் எத்தனை நோய் பார்த்தாலும் பிரயோஜனமில்லை.

டெஸ்ட் எடுத்து ஒரு மாதம் ஆகிறது, ஒரு தகவலும் வரவில்லை. நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?
– வாசகி, செய்யாறு

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். அட்டையில் எழுதியிருப்பது பெரும்பாலும் கணவரின் செல் நம்பர், புகுந்த வீட்டு விலாசம். நீங்களோ தாய்வீட்டில் இருப்பீர்கள். அவர் வேலையில் இருக்கும்போது தெரியாத நம்பரில் இருந்து வருகிற போனை லோன் கேட்கிறவர்கள் என்று நினைத்துக் கட் செய்திருக்கலாம். சில சமயம் ரத்தப் பொட்டு சரியாக ஊறாமலோ, ஈரம் காயாமல் உறையில் போட்டதாலோ அட்டையே செல்லாமல் போயிருக்கும், திரும்ப எடுக்கக் கூப்பிட்டும் கிடைக்காமல் விட்டிருப்பார்கள். இன்றே போன் செய்து, ரிசல்ட்டை எண்ணோடு சொல்லச் சொல்லுங்கள், ஒன்றரை மாத ஊசிக்குப் போகும்போது தடுப்பூசி அட்டையில் அதை எழுதி வாங்குங்கள். ரத்த அட்டை தொலைந்துவிட்டது என்று சொன்னால் அன்றைக்கே மறுபடி ரத்தம் கொடுத்துவிடுங்கள். இனிப் பிரசவத்துக்குப் போகிறவர்கள் அம்மாவின் நம்பர், பாட்டியின் நம்பர் இரண்டையும் எழுதிக் கொடுங்கள், ஏழாம் நாள் வரை போன் வராவிட்டால் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.